விளிம்பு வரை தண்ணீர்

டம்ளரின் விளிம்பு வரை தண்ணீர். நடுவில் ஓர் ஐஸ் கட்டி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு மிதந்தது. அடியில் விரித்திருந்த செய்தித்தாளை அம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கரைஞ்சா வழியும். பந்தயம் வைக்கிறியா?”

“வழியாதும்மா. புத்தகத்துல விடை இருக்கு.”

“புத்தகத்துக்கு என்ன, அது பாட்டுக்குச் சொல்லும்.”

கட்டி கரைந்தது. தாள் நனையவில்லை. “அடப்பாவி, ஒரு சொட்டு விழலையேடா!” என்று மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்விக்கு டிக் போட்டாள்.

அவள் மருத்துவமனை உதவியாளர். வார்டில் எடுத்த ரத்தக் குப்பிகளைப் பரிசோதனைக் கூடத்து வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். “எத்தனை நாளைக்குடா தபால்காரி மாதிரி வாசல்லயே நிக்கிறது? உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும்.” பேரப்பிள்ளை எடுக்கும் வயதில், ஊழியர்களுக்கான ஆய்வகப் பயிற்சி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். பாடம் பொது அறிவியல். அடுத்த முறை வயது தாண்டிவிடும்.

தொல்லை ஒன்றுதான். கண்ணால் பார்க்காத விடைக்கு டிக் போடமாட்டாள். மாதிரித் தேர்வுகளில் பாதிக் கட்டங்கள் வெள்ளையாகவே கிடக்கும். மின்பொறியாளரான மகன் தலையில் அடித்துக்கொள்வான்.

“மனப்பாடம் பண்ணும்மா. பாஸ் ஆகணுமா வேண்டாமா?”

“போகாத கல்யாணத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டேன்.”

ஒலி இரும்பிலும் போகுமா? மகனை மொட்டை மாடிக்கு விரட்டி, தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் தட்டச் சொன்னாள். கீழே தங்கள் வீட்டுக் குழாயில் காதை ஒட்டிக்கொண்டு, “கேக்குது, கேக்குது!” என்று துள்ளினாள். கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“என்னக்கா, குழாய் உடைஞ்சிருச்சா?”

“இல்ல தம்பி, ஒலி ஓடுது. நீங்களும் காதை வைங்க.”

வைத்தார். பிறகு அவரே மாடிக்குப் போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டார். மருத்துவமனையில் அவளுக்கு ‘ஏன்-அக்கா’ என்று பெயர்.

ஐஸ் கரைந்த அந்த டம்ளரைக் கழுவ எடுத்தபோது அடுத்த ‘ஏன்’ முளைத்தது.

“இதே கட்டியை உப்புத் தண்ணியில போட்டா?”

மகன் வாயைத் திறந்தான்.

“சொல்லாத! சொன்னே, சாப்பாடு கிடையாது.” உப்பு ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினாள். காலி. “நாளைக்கு வேலை முடிஞ்சு வர்றப்ப வாங்கிட்டு வர்றேன். ஃபிரிட்ஜுல இருக்கற மீதிக் கட்டியத் தொட்டுராத.”

மறுநாள் பரிசோதனைக் கூடத்து வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவில்லை. குப்பிகளைப் பத்திரமாக உள்ளே நீட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம்.

தேர்வு நாளன்று காலையில் மகன் ஃபிரிட்ஜைத் திறந்தான். கட்டிகள் அப்படியே இருந்தன. உப்புத் தண்ணீரில் என்ன ஆகும், ஏன் ஆகும் என்பதெல்லாம் அவனுக்குச் சமன்பாட்டோடு தெரியும். பார்த்ததில்லை.

ஜாடி இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்தான். கதவுக்குப் பின்னால் தொங்கிய அவளுடைய கடைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான்.