ஒரு நாளைக்கு எவ்வளவு பழம், டாக்டர்?

அமாவாசையன்று என் கடையில் எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறெதுவும் அதிகம் போகாது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஜனம் செஞ்சியில் இறங்கி, பழத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஓடும். போன அமாவாசைக்கும் அப்படியொரு நெரிசலில்தான் நின்றிருந்தேன். டாக்டரின் கம்பவுண்டர் தேவராஜன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, "பாய், டாக்டரு போயிட்டாரு" என்றார்.

"தெரியுமே. நேத்து நான்தான பாண்டிச்சேரி பஸ்ஸுல ஏத்திவுட்டேன். பொண்ணைப் பாக்கப் போறேன்னாரு."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அங்கயே போயிட்டாரு பாய். நெஞ்சுவலியாம். தந்தி வந்திருக்குது."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. எதிரே நின்ற அம்மாளுக்கு நல்ல பழமாகப் பொறுக்கிக் கொடுத்தேன். காசு வாங்க மறந்துவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேச அழைத்தார்கள். எழுந்து நின்றுவிட்டு, ஒரு வார்த்தையும் கிடைக்காமல் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் வேதாசலம் அவர்களைப் பற்றி எனக்குத் துக்கம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு குழப்பமும் இருக்கிறது. அவரை அறியாதவர்களுக்கும் புரியட்டும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

இந்த அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் செஞ்சிக்கு வந்து, கடைத்தெரு முனையில் வைத்தியசாலை திறந்தார். முதல் நாள் மாலையே என் கடைக்கு வந்தார். உயரமானவர், கூரைத் தட்டிக்குக் கீழே குனிந்து நின்று, "பாய், இந்த ஊர்ல ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு பழம் சாப்பிடறாங்க?" என்று கேட்டார்.

"ஒரு நாளைக்கா? வருஷத்துக்குக் கேளுங்க, சொல்றேன்" என்றேன்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வாழைப்பழம் பூஜைக்கும் தாம்பூலத்துக்கும் போகும். சீத்தாப்பழம் கோட்டை மலையில் ஏறுகிறவர்களுக்குச் சும்மாவே கிடைக்கும். ஆரஞ்சும் சாத்துக்குடியும் யாராவது படுக்கையில் விழுந்தால்தான் விற்கும். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து, வருகிற நோயாளிகளிடமெல்லாம் தினமும் பழமும் கீரையும் சாப்பிடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அதில் வந்தது முதல் வம்பு. சீயமங்கலத்துப் பக்கத்திலிருந்து முனுசாமி என்ற விவசாயி பல் ஈறில் ரத்தம் கசிகிறது என்று அவரிடம் வந்தார். அன்றே அவருடைய மனைவி பச்சையம்மாள் என் கடை முன்னால் நின்று அழுதார்.

"நல்லா ஏர் ஓட்டினு இருந்த மனுசன் பாய்! டாக்டரு பழம் துன்னச் சொல்லிட்டாரு. உங்களாண்டயாவது சொன்னாரா, எத்தினி நாளு தாங்கும்னு?"

நான் சொன்ன எதுவும் அந்த அம்மாள் காதில் ஏறவில்லை. மெட்ராஸில் வேலை பார்த்த மகனுக்குத் தந்தி போய்விட்டது. விஷயத்தை நான் டாக்டரிடம் சொன்னதும், சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க பாய், போய்ச் சொல்லிட்டு வருவோம்" என்றார். இருவரும் பஸ் ஏறினோம்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். மகன், "நைனாவுக்கு இன்னா சார்? மறைக்காம சொல்லுங்க" என்று டாக்டரின் கையைப் பிடித்தான்.

"ஒண்ணும் இல்லப்பா. ஈறுதான் கெட்டிருக்கு."

"ஒண்ணுமில்லன்னா பழம் எதுக்கு?" என்று கேட்டார் கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர்.

"எல்லாருமே சாப்பிடணும் ஐயா. நீங்க, நான், இந்தக் குழந்தைங்க. தினமும்."

"எவ்ளோ?"

டாக்டர் அவுன்ஸ் கணக்கில் ஏதோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. கிராமில் சொன்னார். அந்த எடைகள் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தன, எனக்கே தடுமாற்றம். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்து, "இவ்வளவு. காயும் கீரையும் இதுக்கு மேலயே" என்றார்.

பெரியவர் அந்தக் கைகளை உற்றுப் பார்த்தார். "உன் கையிலயா, என் கையிலயா டாக்டரே?"

டாக்டர் தம் நீண்ட விரல்களைப் பார்த்தார். பச்சையம்மாளின் சின்னக் கைகளைப் பார்த்தார். குவித்த கைகளைப் பிரித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியவரின் கேள்வியையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முனுசாமிக்கு ஈறு ஆறிவிட்டது. பழத்தாலா, கீரையாலா, மகனைப் பார்த்த சந்தோஷத்தாலா என்று நான் கேட்டதற்கு, "எனக்கும் அதுதான் தெரியணும் பாய்" என்றார்.

அடுத்தது என் கதை. எனக்குத் தாகம் அடங்காமல் போய், உடம்பும் இளைத்தது. டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறத்துக்கு மாறியது.

"சர்க்கரை வியாதி பாய். பழத்தை நிறுத்துங்க."

"யாரு, நானா? ஊர் முழுக்கத் துன்னச் சொல்லிட்டு, பழக்கடைக்காரன நிறுத்தச் சொல்றீங்களா?"

"ஆமா. காய், கீரை எவ்வளவு வேணா சாப்பிடுங்க. சோறு குறைங்க." மாத்திரையும் கொடுத்தார்.

சில வாரம் கழித்து, பாதிக் கொய்யா சாப்பிடலாம் என்றார். பிறகு அதுவும் வேண்டாம் என்றார். என் மனைவி ஜைத்தூன், "ஒருநாளு வேணும்ங்கறாரு, ஒருநாளு வேணாங்கறாரு. அந்த மனுசன் இன்னாதான் சொல்றாரு?" என்று கேட்பாள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பழத்தோடு சோற்றையும் அடியோடு விட்டேன். அவித்த கோவைக்காயும் முருங்கைக்கீரையும்தான் சாப்பாடு. மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினேன்.

ஒரு பகல் பொழுதில் கடையில் உட்கார்ந்திருந்தவனுக்கு வேர்த்துக் கொட்டியது. தராசு இரண்டாகத் தெரிந்தது. விழுந்திருக்கிறேன். கண் விழித்தபோது டாக்டர் என் தலையைத் தொடையில் தாங்கிக்கொண்டு, சாத்துக்குடியை உரித்து வாயில் பிழிந்துகொண்டிருந்தார். "முழுங்குங்க பாய், முழுங்குங்க. சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு." சுற்றிலும் கூட்டம். ஓடிவந்த ஜைத்தூன், டாக்டரே எனக்குப் பழம் கொடுப்பதைக் கண்டதும், "அல்லாவே, முடிஞ்சுதா!" என்று அலறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உயிர் வந்த நேரத்தில் அவள் ஒப்பாரி வைத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகும் டாக்டர் போகவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு நான் ஒரு வாரம்கூடக் கேக்கல பாய். குறைங்கன்னு சொன்னேன். எதுவரைக்கும்னு சொல்லல. தப்பு என்னுது."

"அப்போ எவ்வளவுதான் சாப்பிடறது? சரியாச் சொல்லிடுங்க டாக்டர் ஐயா."

"புத்தகத்துல ஒரு அளவு இருக்கு. அது தப்பில்ல. ஆனா உங்களுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியல பாய். பாத்துப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்."

எனக்கு அன்று கோபம்கூட வந்தது. தெரியாதென்று சொல்ல ஒரு டாக்டரா? ஆனால் தினமும் கடை திறந்ததும் வந்து, முந்தின நாள் சாப்பிட்டதையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவர் வைத்தியசாலைக்குப் போவார். மழையிலும் வருவார். என் சோறு திரும்ப வந்தது, மாத்திரை குறைந்தது. நான் இன்று உட்கார்ந்து இதை எழுதுவது அந்த விசாரிப்பால்தான்.

அரிசி கிடைக்காமல் ஊரே தவித்த காலத்தில், காய் சாப்பிடுங்கள், பழம் சாப்பிடுங்கள் என்று எங்கும் பேச்சாயிருந்தது. அப்போது டாக்டர் மட்டும் அதைப் பேசவில்லை. ஏன் என்றேன். "வயிறு காயறவன்கிட்ட எந்த வாயால சொல்றது?" என்றார். மறுநாளே ஒருத்தியிடம், குழந்தைக்கு மாலைக்கண் வந்திருக்கிறது, கஞ்சி இல்லாவிட்டாலும் கீரை கொடுத்தே ஆகவேண்டும் என்று சத்தம் போட்டார். சொல்வதா, சொல்லாமலிருப்பதா என்று அவருக்கே கடைசிவரை தீரவில்லை என்று நினைக்கிறேன்.

பாண்டிச்சேரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஊர்வலத்தில் நடந்தவர்களுக்குள் தகராறு. "எனக்கு தினம் ரெண்டு வாழைப்பழம்னாரு." "போய்யா, வாழைப்பழத்தைத் தொடாதேன்னாரு என்னை." "சோத்துல பாதி காய் இருக்கணும்னாரு." "நீ சொல்லு பாய், இன்னாதான் சொன்னாரு?" எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எல்லாம் சொன்னார் என்றேன். அவர்களுக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

பாடை கடைத்தெருவுக்குள் வந்ததும் நான் கடைக்கு ஓடினேன். ஏதாவது ஒன்றை அவர் பக்கத்தில் வைக்க வேண்டும் போலிருந்தது. ஆரஞ்சை எடுத்தேன்; வைத்துவிட்டேன். கொய்யாவை எடுத்தேன். இத்தனை வருஷம் பழகியும் அவருக்கு என்ன பழம் பிடிக்கும் என்று நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் பாடை கடையைத் தாண்டிவிட்டது. வெறுங்கையோடு பின்னால் ஓடினேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றவனைக் கம்பவுண்டர் பிடித்து இழுத்து, இடப்பக்க மூங்கிலுக்கடியில் நிறுத்தி, "தோளைக் குடு பாய்" என்றார்.

ஆற்றங்கரை வரைக்கும் சுமந்தேன். போய் வாருங்கள், டாக்டர் ஐயா. நாளைக் காலையில் கடை திறந்ததும், இன்று நான் என்ன சாப்பிட்டேன் என்று யாரிடம் சொல்வது?