பாறை இருந்த இடத்தில் ஒரு வீடு

குணபூசணி டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டு ராகலைக்கு மாற்றலாகி வந்தது தொண்ணூற்றொன்றில். மனைப்பொருளியல் படிப்பிக்க வந்தவர். கணவர் குகநேசன் தபால் கந்தோரில் வேலை பார்த்தார். சண்டை ஓய்ந்ததும் திரும்பிப் போகலாம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். ஆனால் தெல்லிப்பழையில் இருந்த அவர்களுடைய வீடு இராணுவ வேலிக்குள் போய்விட்டது. இரண்டாயிரத்து இரண்டில் போர் நிறுத்தம் வந்து பாதை திறந்தவுடன் போய்ப் பார்த்தார்கள். முட்கம்பி வரைதான் போக முடிந்தது. கூரைகூடக் கண்ணில் படவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலேயே குகநேசன் சொன்னார்: "இனி ராகலையிலையே ஒரு காணி பாப்பம்."

டவுனுக்குக் கீழே, மரக்கறித் தோட்டங்களை அடுத்து, சரிவில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதன் நடுவில் மாட்டுக் கொட்டில் அளவுக்கு ஒரு கருங்கல் பாறை. மேசன் வீரய்யா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இத ஒடைக்காம வீடு கட்ட எடமே இல்லீங்க, டீச்சரம்மா."

டீச்சர் உடைக்கச் சொன்னார். ஆப்படித்துப் பிளந்தார்கள். முதல் துண்டு பிரிந்து விழுந்தபோது டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வெளியே பாசி பிடித்துக் கறுத்திருந்த பாறை, உள்ளே சாம்பல் நிறம்; வெள்ளை வெள்ளையாக வரிகள்; இடையிடையே மினுக்கம். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர்கள் இருந்த வாடகை வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரை மழைக்காலமெல்லாம் ஈரம் கசிந்து, பாய்கள் பூஞ்சணம் பிடித்துப் போகும். நுவரெலியாக் கடைகளில் பார்த்த தரை ஓடுகளோ ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தின.

"வீரய்யா, இந்தக் கல்லை நிலத்துக்குப் போடேலாதோ?"

"தரைக்கா? போடலாங்க. பலகை பலகையாத்தான் பிரியுது."

குகநேசனுக்குச் சம்மதமில்லை. "உமக்கென்ன விசரே? இந்தக் குளிருக்கை கல்லிலை கால் வைக்கேலுமே?"

"காலுக்கு மேசு போட்டுக்கொண்டு நடவுங்கோவன்" என்றார் டீச்சர்.

கல்லைத் தெரிவு செய்யும் வேலையை அவர் யாரிடமும் விடவில்லை. பலகைகளைப் புல்லில் பரப்பி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, நனைந்தால் என்ன நிறம் வருகிறது என்று பார்ப்பார். கறுப்பானவை சமைக்கிற குசினிக்கு, வெள்ளை வரி ஓடியவை முன் அறைக்கு. சாமி அறை வாசலுக்கென்று பெரிய பலகை ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். வீரய்யா மண்ணை இடித்து இறுக்கி, மணல் போட்டு, நூல் கட்டிக் கல் பதித்தார். வழுக்காமல் இருக்க உளித் தழும்பை அப்படியே விட்டார். எல்லாம் முடிந்து கழுவிவிட்ட அன்று, வேண்டாம் என்ற குகநேசனே வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தரையைத்தான் காட்டினார். "எங்கடை காணிக் கல்லு" என்பார்.

அடுத்த வருட மழையில் குசினிக் கதவு மூடச் சிரமப்பட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பூசிய சீமெந்து, குசினியிலிருந்து முன் அறை வரை ஒரே கோடாக விரிந்தது. வீரய்யா வந்து அடைத்தார். அது மறுபடி விரிந்தது. கோட்டுக்குக் கீழ்ப்பக்கக் கற்கள் பெருவிரல் அளவுக்கு இறங்கிவிட்டன. தரை துடைக்கும் தண்ணீர் தானாகவே அந்தப் பக்கம் ஓடியது.

"மணல் இறுகியிருக்குங்க. ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வீரய்யா ஒரு கல்லை நெம்பித் தூக்கினார். அடியில் மணலைக் காணவில்லை. ஒரு பொந்து. அதற்குள் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். மூன்று பேரும் அதைக் கேட்டார்கள். வீரய்யா கல்லை மெல்ல இருந்த இடத்திலேயே வைத்தார், ஏதோ தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

மாவட்டக் கச்சேரியிலிருந்து அரசாங்க அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மேலே மரக்கறித் தோட்டத்தில் வெடிப்பு, கீழே தரையில் வெடிப்பு. கிராம சேவகர் தயங்கித் தயங்கி, "டீச்சர், மெஹே இன்ன எபா" என்றார். இங்கே இருக்க வேண்டாம் என்று அந்த மனிதர் சிங்களத்தில் சொன்னபோது, டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏதாவது செய்யேலாதோ? சுவர் கட்டினால்? தண்ணி வடியக் கான் வெட்டினால்?" குகநேசன் ஒவ்வொருவரிடமும் மாறி மாறிக் கேட்டார். பெரிய அதிகாரி தலையசைத்தார். முழுச் சரிவும் நகர்கிறது, ஒரு வீட்டுக்காரர் செய்யக்கூடியது எதுவுமில்லை என்றார்.

பாறையை உடைத்ததால் வந்ததா என்று டீச்சர் கேட்டார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியாது."

பஸார் துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. கட்டில், அலுமாரி, சாமிப் படங்கள் எல்லாம் லொறியில் ஏறின. சாமி அறை வாசல் கல்லையாவது எடுத்துப் போகலாம் என்றார் டீச்சர். வீரய்யாவும் இன்னும் இரண்டு பேரும் அதைத் தூக்கி ரோட்டோரம் கொண்டு வந்தார்கள். "மேல் மாடி பலகைத் தரை, இவ்வளவு பாரம் தாங்காது" என்றார் துணிக்கடைக்காரர். கல் அங்கேயே கிடந்தது. மழை விடவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற நேரம், குசினியும் முன் அறையும் மரக்கறித் தோட்டத்தோடு சேர்ந்து கீழே போய்விட்டன. யாருக்கும் காயமில்லை. மறுநாள் டீச்சர் வழக்கம்போல வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் எல்லோரும் சத்தம் போடாமல் இருந்தார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அதன் பிறகு வீரய்யா கண்ணில் படுவதில்லை. பஸாரில் டீச்சரைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுவார். சில மாதம் கழித்து பஸ் தரிப்பிடத்தில் இருவரும் ஒதுங்க வழியில்லாமல் நேருக்கு நேர் நின்றார்கள். வீரய்யா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் அந்தப் பாறைய ஒடைச்சிருக்கக் கூடாதுங்களா, டீச்சரம்மா?"

இல்லை என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார்.

"எனக்குத் தெரியாது வீரய்யா. உடைக்கச் சொன்னது நான்தானே."

"இல்லீங்க, நான்தானே மொதல்ல..."

உடப்புசல்லாவைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். வீரய்யா ஏறிக்கொண்டார்.