கண்ணாடியோடு எழுந்து நிற்கிறேன்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் சபையில் வாசிக்க எழுதித் தருகிறேன்.

நான் கொல்லிமலை பஸ் டிரைவர். சொந்த ஊர் கீழே, சேந்தமங்கலம் பக்கம். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. மலை ஏறினால் கண்ணாடியில் பனி படிந்துவிடும். அதற்காகவே ஆறு வருடம் முன்பு கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். அதன்பின் சபையில் எழுந்து, "கர்த்தர் என் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இனி அது எனக்கு வேண்டாம்" என்று சாட்சி சொன்னேன். நான் சொன்ன ஒரே சாட்சி அதுதான்.

போன வருடம் பார்வை மறுபடி மங்கியது. எதிரே வரும் லாரி பக்கத்தில் வந்தபிறகுதான் தெரிந்தது. "இன்னைக்குப் பனி ஜாஸ்தி" என்பேன். மலையில் அதை யாரும் மறுக்க மாட்டார்கள். நானும் நம்பினேன். ஆனால் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி வெயிலில் நின்றபோதும் கடைப் பலகைகள் கலங்கலாகவே இருந்தன. கோளாறு கண்ணில்தான் என்று தெரிந்துவிட்டது.

அப்படியும் கண்ணாடி போடவில்லை. போட்டால் என் சாட்சி பொய்யாகிவிடும், தேவனுக்கு அவமானம் என்று நினைத்தேன். உண்மையில் என் அவமானத்துக்குத்தான் பயந்தேன். "ஆண்டவரே, ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்று தினமும் ஜெபித்தேன். பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இப்படி ஜெபித்தேன்.

ஒரு மத்தியானம், ஒரு கொண்டை ஊசி வளைவில் கண்டக்டர் தம்பி கத்தினான். "அண்ணா, பிரேக்!"

"இயேசுவே" என்று மிதித்தேன். மரவள்ளி மூட்டையோடு நின்ற ஒரு அம்மாவுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது.

"ஏனுங்க டிரைவரே, இத்தாப்பெரிய மூட்டையோட நிக்கிறேன், கண்ணு தெரியலீங்களா?"

"பனிங்க" என்றேன்.

"பனியா?" என்றான் தம்பி. "வெயில் மண்டையப் பொளக்குதுங்கண்ணா!"

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள்.

"எனக்குக் கண்ணு தெரியல தம்பி" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பஸ்ஸை ஓரம் கட்டினேன். வேறு டிரைவர் வந்து எடுத்துப்போனார். டிப்போவில் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு சபைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே தாங்கமுடியவில்லை.

கண்ணாடியில் மலைப்பனி படியும் என்பதால், மறுபடி லேசர் செய்யலாமா என்று கண் ஆஸ்பத்திரியில் கேட்டேன். பவர் மாறாமல் நிற்கிறதா என்று மாதக்கணக்கில் பார்த்தார்கள். "போன தடவையே கருவிழி மெலிஞ்சிருக்கு. அளந்து பார்த்துத்தான் சொல்லமுடியும்" என்றார் டாக்டர். அன்று வேறு மாதிரி ஜெபித்தேன். "ஆண்டவரே, கண் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இனி நான் மறைக்க மாட்டேன்."

கருவிழியின் தடிமன் லேசருக்கு மட்டுமட்டாக இருந்தது. மேலோட்டமாக மட்டும் லேசர் செய்தார்கள். ஐந்து நாள் கண்ணில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல். இருட்டு அறையில் அழுதுகொண்டு கிடந்தேன். தெளிய வாரங்கள் ஆயின. வலது கண் தெளிந்தது. இடது கண் முழுதாகத் தெளியவில்லை. அதற்குச் சின்னப் பவரில் கண்ணாடி. பகலில் மட்டும் ஓட்ட அனுமதி கிடைத்தது.

இது முழுச் சுகம் இல்லை. ஆனால் அந்த அம்மா உயிரோடு இருக்கிறார். அந்த ஒரு முழத்தை வைத்தது பிரேக் மிதித்த என் கால் இல்லை, கர்த்தர். அந்த வளைவு இன்னும் கனவில் வருகிறது. விழித்ததும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

உங்களில் யாராவது சாட்சி சொன்னபின் திரும்பி வந்த வியாதியை மறைத்து வைத்திருந்தால், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். கர்த்தருடைய பெயரைக் காப்பாற்ற நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. அவரை நம்பி, உள்ளதைச் சொல்லுங்கள்.