கெடுபிடி என்று நான் எழுதாதது

போடியில் 'கெடுபிடி' என்ற சொல் காதில் விழாத நாள் இல்லை. மலைமேல் மெட்டுச் சோதனைச் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் கெடுபிடி. பஸ்சில் கோழிக்கூடையை ஏற்ற மறுத்தால் கண்டக்டர் கெடுபிடி. மாமியார் கெடுபிடி, வாத்தியார் கெடுபிடி. விதி வைப்பவர் எவரும் தன் செயலை அப்படிச் சொல்வதில்லை. அதற்கு உட்பட்டவர்தான் சொல்வார். நானும் என்னுடையதை 'ஒழுங்கு' என்றே நாட்குறிப்பில் எழுதிவந்தேன்.

1950களின் தொடக்கத்தில் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் எழுத்தராக இருந்தேன். காய் உலர்த்தும் கூடத்தில் சூடு தணியக் கூடாது. அதனால் அடுப்பு பார்ப்பவருக்கு விடுப்பு வேண்டுமென்றால், முந்தின நாளே மாற்றாளின் பெயரைச் சொல்ல வேண்டும். அது நான் வகுத்த விதி.

ஒரு நாள் விடிந்ததும் அடுப்புக்காரர் ஓடிவந்தார். கீழே சிலமலையில் அவருடைய தங்கை மகள் வயதுக்கு வந்துவிட்டதாக ஆள் வந்து சொல்லியிருந்தார். பொழுது சாய்வதற்குள் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டி அவளை உட்காரவைக்க வேண்டும். மாற்றாளையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

"இப்ப எறங்குனாத்தான்யா வெரசாப் போய்ச் சேரலாம்."

"நேத்தே சொல்லியிருக்கணும்ல?" என்றேன்.

"என்னய்யா இது! வயசுக்கு வர்ற புள்ள முந்துன நாளே உங்ககிட்டச் சீட்டுக் குடுத்துட்டா வரும்?"

காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அதையும் நோட்டுல ஏத்தச் சொல்லுங்கண்ணே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

"விதி விதிதான். நாளைக்குப் போ."

"தாய்மாமன் நான் ஒருத்தன்தான்யா. கெடுபிடி பண்ணாதீக."

நான் விடுப்புச் சீட்டு எழுதவில்லை. சீட்டில்லாமல் இறங்கினால் வேலை போய்விடும். அவர் அடுப்புக்குத் திரும்பினார்.

மறுநாள் போனார். அதற்குள் அவருடைய சித்தப்பா மகன் மாமன் முறைக்கு நின்று குடிசை கட்டிவிட்டிருந்தார். வாசலில் நின்ற அண்ணனைத் தங்கை "வாங்க" என்று மட்டும் சொன்னாளாம். 'அண்ணே' என்று சொல்லவில்லை. இதைக் காய் பிரிக்கும் பெண்கள் பேசிக்கொண்டதில் கேட்டேன்.

அதன்பின் அவர் என்னிடம் எதற்கும் வாதாடியதில்லை. ஒருமுறை மட்டும், "ஐயா, நாளைக்கு எனக்குக் காச்சல் வந்தாலும் வரும். இன்னைக்கே எழுதிக்கிருங்க" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

விடுப்பு மறுத்த அன்றைய நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. மழை, கூடத்தின் சூடு, இறங்கிய மூட்டைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. 'அடுப்புக்காரருக்கு விடுப்பு இல்லை, முன்கூட்டிச் சொல்லவில்லை.' கையெழுத்து கோணாமல் இருக்கிறது. மாற்றாள் வந்து நின்றதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.