பின் சீட்டில் செல்லமுத்து

மீன்சுருட்டியிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற ரோட்டோரம் செல்லமுத்து ஷெட் போட்டது எழுபத்தாறில். அதற்கு முன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவுகிற சாக்கில் அடியில் படுத்துப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அவனுடைய அப்பா, பண்ணையார் வேணுகோபாலின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். ஷெட் நின்ற இடமும் வேணுகோபாலுடையதுதான். வாடகை கிடையாது. பண்ணையின் கறுப்புக் காரை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு.

எழுபத்தொன்பது ஐப்பசியில் அந்தக் கார் சத்தம் போட ஆரம்பித்தது. நேரே போனால் ஒன்றுமில்லை. இடப்பக்கம் திருப்பினால் மட்டும், அடித்தொண்டையில் காறுவது போல ஒரு ‘கர்ர்ர்’. அதுவும் பின்னால் ஆள் இருந்தால்தான். வேணுகோபாலின் மனைவி கிருஷ்ணம்மாள், மாசமாக இருக்கும் மகளை அந்தக் காரில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

டிரைவர் தர்மன் பண்ணைக்குத் தூரத்து உறவு. “இடது பக்கம் முன் சக்கரம்தான். என் காதால கேட்டேன்” என்றான். செல்லமுத்து முன் சீட்டில் ஏறிக் காலி வண்டியில் போய்ப் பார்த்தான், சத்தமே வரவில்லை. தர்மன் பேச்சை நம்பி முன் சக்கரத்தைக் கழற்றி பேரிங்கை மாற்றினான். கழற்றிய பேரிங்கைக் கழுவி விரலில் சுழற்றிப் பார்த்தால், அது வழுவழுவென்று ஓடியது. அப்போதே அவன் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் கார் அதே சத்தத்தோடு வந்து நின்றது. வேணுகோபாலும் இறங்கினார்.

“ஏன்டா, எங்க வூட்டுப் பொம்பளைங்களைக் கண்டா கத்துது, உன் ஷெட்டைக் கண்டா வாயை மூடிக்குதோ?”

“என் தப்புதாங்க. அடுத்தவங்க காதை நம்பிக் கழட்டிட்டேன்.” செல்லமுத்து கையைத் துடைத்துக்கொண்டான். “நான் பின் சீட்டுல உக்காந்து கேக்கணும். உங்க தெருவுக்குத் திரும்புற மொனையில.”

மாரியம்மன் கோயிலை ஒட்டி இடப்பக்கம் திரும்புகிற முனை அது. திரும்புகிற இடத்திலேயே ஒரு பள்ளம். சத்தம் அங்கேதான் பலமாக வரும். செல்லமுத்துவின் தெருக்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும் அங்கேதான், பள்ளத்துக்காக இல்லை. அவர்களில் ஒருவரும் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து அந்த முனையைத் தாண்டியதில்லை.

“பின் சீட்டுல ரெண்டு கடலை மூட்டையப் போட்டு ஓட்டுங்களேன்டா” என்றார் வேணுகோபால்.

“மூட்டைக்குக் காது இல்லீங்களே.”

“அப்ப தர்மன் பின்னால உக்காரட்டும். நீ ஓட்டு.”

“அவரு கேட்டுச் சொல்லித்தாங்க ஒரு பேரிங் போச்சு.”

தர்மன் ரோட்டோரப் புளியமரத்தைப் பார்த்தான்.

“ஊருக்கு வெளிய எங்கயாச்சும் திருப்பிப் பாரு.”

“சத்தம் வர்ற எடத்துலதாங்க கேக்கணும். வேணாம்னா வேற ஆளைப் பாத்துக்குங்க. காதால கேக்காத சத்தத்துக்கு இனிமே நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன்.”

கேட்டே ஆக வேண்டும் என்பது உண்மை. அந்த முனையில் இறங்காமல் போக வேண்டும் என்று உள்ளே இருந்ததும் உண்மை. இரண்டில் எது தன்னைப் பேச வைத்தது என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

வளைகாப்புக்கு நாள் நெருங்கியிருந்தது. வேணுகோபால் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒரு சுத்து. ஒண்ணே ஒண்ணு.”

சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற மனைவி ஆண்டாயியைச் செல்லமுத்து பார்த்தான். “எடை பத்தாது. நீயும் ஏறு.”

“நானா? எதுக்கு?”

“மூட்டைக்குப் பதிலா.”

“கட்டுனவளை மூட்டைங்கிற. சரி, எந்தப் பக்கம்?”

வேணுகோபால் வாயைத் திறப்பதற்குள் அவள் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முனையில் கார் திரும்பியது. பள்ளத்தில் இறங்கியது. ‘கர்ர்ர்’. சத்தம் செல்லமுத்துவின் தொடைக்குக் கீழே அதிர்ந்தது, வலப்பக்கம். தெருவில் கதவுகளுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தர்மன் தலையைக் குனிந்தபடி ஓட்டினான்.

“அண்ணே, இன்னொரு சுத்து.”

“பெரியவரு ஒண்ணுன்னாருய்யா.”

“எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடுச்சு. என்னன்னு தெரியலையே.”

இரண்டாவது சுற்றில் அவன் உள்ளங்கையைப் பின் சீட்டுக்கடியில் தகரத்தில் வைத்துக்கொண்டான். ஷெட்டுக்குத் திரும்பியதும் வலது பின் சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் துழாவினான். மட்கார்டின் உள் விளிம்பு தேய்ந்து பளபளவென்று மின்னியது.

“இடப்பக்கம் திருப்புனா பாரம் வலப்பக்கம் சாயுதுங்க. பாரத்தைத் தாங்குற அடுக்குப் பிளேட்டைக் கோத்திருக்கிற போல்ட் முறிஞ்சு சக்கரம் எடம் மாறியிருக்கு. ஆள் ஏறுனா டயர் உரசுது. டிக்கியில கடலை மூட்டை ஏத்துறதை நிறுத்தணும்.”

“ரெண்டு சுத்து சுத்துனியாமே” என்றார் வேணுகோபால். அதற்குள் தெருவிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லியிருந்தான்.

“ஆமாங்க.”

போல்ட் மாற்றி முடிக்க வெயில் தாழ்ந்துவிட்டது. செல்லமுத்து கை கழுவிக்கொண்டு வந்தான்.

“இன்னொரு தடவை போயிப் பாக்கணுங்க.”

“எதுக்கு? அதான் முடிஞ்சிடுச்சே.”

“முடிஞ்சிடுச்சான்னு பாக்கத்தாங்க. புள்ளத்தாச்சி ஏறப் போற வண்டி.”

வேணுகோபாலின் குரல் தணிந்தது. “இப்ப ஏறுனா, தை பொறந்ததும் ஷெட்டைப் பிரிச்சிடு.”

செல்லமுத்து ஷெட்டைப் பார்த்தான். மூன்று வருசத்துக் கிரீஸ் தரையில் கெட்டிப்பட்டிருந்தது. ஆண்டாயி அவனைப் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து ஏறி, அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் ஏறிக் கதவைச் சாத்தினான்.

இந்த முறை தெருவே வாசலில் நின்றது. கார் முனையில் திரும்பிப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. செல்லமுத்து நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

வேணுகோபாலின் மகள் அந்தக் காரில்தான் பிரசவத்துக்குப் போனாள். தை பிறந்ததும் செல்லமுத்து ஷெட்டைப் பிரித்தான். பெரம்பலூரில் திருச்சி ரோட்டோரம் ஓர் இடம் பார்த்திருந்தான். பின்னால் பல வருசம் அங்கேதான் தொழில் செய்தான். ஷெட்டைப் பிரித்த அன்று சாமான் ஏற்ற மாட்டுவண்டி வந்து நின்றபோது, தர்மன் சைக்கிளில் வந்தான்.

“மூணாவது சுத்தை விட்டிருந்தா ஷெட்டு நின்னிருக்கும்யா.”

“நின்னிருக்கும்ணே. சத்தம் போச்சான்னு இன்னிக்கும் தெரிஞ்சிருக்காது.” செல்லமுத்து, சாமானைக் கவ்விப் பிடிக்கிற கனத்த இரும்பு வைஸின் ஒரு முனையைப் பிடித்தான். “சும்மா நிக்காம அந்தப் பக்கம் பிடிங்க.”

தர்மன் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் குனிந்தான்.