கம்பிக்கடியில் எரிந்த டியூப்லைட்

எங்கள் தோட்டத்துக்கு மேலே டவர் லைன் போகிறது. எங்கோ உற்பத்தியாகும் கரண்ட், வேறெந்த ஊருக்கோ வெளிச்சம் கொடுக்க, புதுச்சத்திரத்துப் பக்கம் எங்கள் சோளக்காட்டைத் தாண்டிப் போகும். அதில் எங்களுக்கு ஒரு பொட்டும் கிடையாது. தலைக்கு மேல் கரண்ட் இரைந்துகொண்டு போக, கீழே நாங்கள் கரண்ட் எப்போது வருமென்று விசிறியோடு உட்கார்ந்திருப்போம்.

அவ்வளவு பெரிய டவர் எதற்கு என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

"நெடுந்தூரம் போகோணுமல்ல சாமி. அழுத்தத்தை ஏத்தித்தான் அனுப்போணும். இல்லீன்னா கம்பி சூடாகியே பாதி வீணாப் போயிரும்" என்றார்.

அன்று பொழுது சாய்ந்ததும் வீட்டிலிருந்த பழைய டியூப்லைட்டைக் கொண்டுபோய் லைனுக்கடியில் நிமிர்த்திப் பிடித்தார். ஒயரே இல்லாமல் அது எரிந்தது! மந்திரவாதி சித்தப்பா வாய்த்தது என் பூர்வஜென்ம புண்ணியம் என்று நினைத்தேன்.

அந்த மந்திரவாதிக்குத்தான் பெண் அமையவில்லை. காட்டுவேலை செய்கிற மாப்பிள்ளை என்றாலே கும்பிடு போட்டுவிடும் காலம். கடைசியில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பெண் தகைந்து வந்தது. சித்தப்பா அந்தப் பெண்ணின் போட்டோவைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மோட்டார் போடப் போகும்போதும் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வரும் நாளும் வந்தது. எங்கள் பக்கம் வந்தவர்கள் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இருட்டினால் கம்பி இரைவது பெரிதாகக் கேட்டு வந்தவர்கள் மிரண்டுவிடுவார்கள். அதனால் மத்தியானமே வரச்சொல்லி, வெளிச்சத்திலேயே பந்தியை முடித்துவிட அப்பா திட்டமிட்டிருந்தார். "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுனு சொல்லீருக்குது. நாம ஒண்ணைத்தானே மறைக்கறோம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

வந்தவர்களோ பொழுது சாயத்தான் வந்தார்கள். சித்தப்பாவே போன் செய்து நேரத்தை மாற்றியிருந்தது யாருக்கும் தெரியாது.

பெண்ணின் அப்பா டவரை அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, இதனால ஒண்ணும் தொந்தரவில்லீங்களே?" என்றார்.

"அது மேலயே போயிருமுங்க. நீங்க வாங்க, இலை போட்டாச்சு" என்றார் அப்பா.

சித்தப்பா என்னைப் பார்த்து, "சாமி, அந்த டியூப்லைட்டை எடுத்துட்டு வா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்தேன். சித்தப்பா அதை வாங்கி லைனுக்கடியில் நிமிர்த்திப் பிடித்தார். அது எரிந்தது. நான் ஒருத்திதான் கைதட்டினேன்.

"உங்க புள்ள இதுக்கடியிலதானுங்க குடியிருக்கோணும். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்றார் சித்தப்பா.

பெண்ணின் அப்பா அவர் தோளைத் தொட்டுவிட்டு, "வாரேங்க" என்று காருக்குப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். போட்ட இலை போட்டபடி கிடந்தது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதாள்.

சித்தப்பா மட்டும் டியூப்லைட்டை இறக்காமல் அங்கேயே நின்றிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. வெளிச்சம் மங்கலாக இருந்ததால்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"புது டியூப்லைட்டா இருந்திருந்தா நல்லாத் தெரிஞ்சிருக்குமல்ல சித்தப்பா?"

அந்த வெளிச்சத்தில் அவர் சட்டைப் பையிலிருந்த போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டே, "இதுவே நல்லாத்தான் தெரிஞ்சுது சாமி" என்றார்.

அப்படியானால் அவர்கள் ஏன் சாப்பிடாமல் போனார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.