ஏழு நொடிப் பழுது

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தியேட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் போகிற பதிவுகளை, போவதற்கு முன்னால் முழுக்கப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. படத்தில் ஒரு கோடு ஓடினாலோ, நிறம் மங்கினாலோ, உதடு அசைவதற்கு முன்னால் குரல் வந்துவிட்டாலோ, அது எந்த நிமிஷம் எந்த நொடி என்று குறித்து, ஒன்று இரண்டு மூன்று என்று தரம் போட்டு எழுத வேண்டும். மூன்று என்றால் மன்னித்து விட்டுவிடலாம். ஒன்று என்றால் திருத்தாமல் வாசலைத் தாண்டக் கூடாது.

இருபத்திரண்டு வருஷமாக அதே இருட்டு அறை, இரண்டு திரை, காதில் ஹெட்போன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆயிரக்கணக்கில் படம் பார்த்தவள்தான், ஒன்றின் கதையாவது தெரியுமா என்றால் தெரியாது. நாத்தனார் ஒருமுறை ஆசையாக ஒரு படத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ஐம்பத்து மூன்றாவது நிமிஷத்தில் கதாநாயகன் கன்னத்தில் பச்சைப் புள்ளி இருந்தது, எடுக்கச் சொல்லிவிட்டேன் என்று பதில் சொன்னாள். நாத்தனார் அதோடு கேட்பதை விட்டுவிட்டார். வீட்டிலும் இதே கதைதான். கணவர் சவரம் செய்துகொண்டு வந்தால், தாடையோரம் தப்பித்த இரண்டு முடியைச் சொல்லாமல் காபியை நீட்ட மாட்டாள். அவர் பேருந்து ஓட்டுகிறவர், பொறுமைக்குப் பஞ்சமில்லை. "எத்தனாவது தரம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்கிக் குடிப்பார்.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் பிரிவின் பொறுப்பாளர் ஓய்வு பெறுகிறார். அவருடைய நாற்காலிக்கு இரண்டு பேர். ஒன்று இவள், இன்னொருவர் எதிர் அறைக்காரர். எதிர் அறைக்காரர் வேகமானவர், இவள் ஒரு படம் பார்க்கிற நேரத்தில் ஒன்றரைப் படம் பார்த்துவிடுவார். அவ்வப்போது இல்லாத பழுதை எழுதிவிட்டுத் திரும்பப் பெறுகிற பழக்கமும் அவருக்கு உண்டு. இவள் விஷயம் வேறு. இருபத்திரண்டு வருஷத்தில் இவள் போட்ட முதல் தரம் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அவள் கையில் இருந்ததே அந்த ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மேல்மாடி அதிகாரிகள் இரண்டு பேருடைய கோப்புகளையும் பிரித்துப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலை ஒரு பாலே வந்தது. அரங்கில் ஆடும்போது எடுத்த பதிவு, கால் நுனியில் நின்று ஆடுகிற பழைய மேல்நாட்டு நடனம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர்கூட வாயைத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தியேட்டர்களில் போடுகிறார்கள், ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். வாய் அசையாததால் குரல் பொருந்துகிறதா என்று பார்க்கிற வேலை மிச்சம் என்று அவளுக்குச் சந்தோஷம். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிஷம் வரை குறிக்க ஒன்றும் பெரிதாகச் சிக்கவில்லை. அங்கே படம் நின்றுவிட்டது. ஒரு பெண் ஒற்றைக் கால் நுனியில், இன்னொரு காலைப் பின்னால் நீட்டி, ஒரு கையை முன்னால் நீட்டியபடி நிற்கிறாள். பின்னால் இருபது பேரும் அப்படியே. இசையும் இல்லை. ஏழு நொடி கழித்து எல்லாம் ஓடத் தொடங்கியது. விதிப்படி ஒவ்வொரு ஃபிரேமாக, ஒவ்வொரு தனிப் படமாக நகர்த்திப் பார்த்தாள். முதல் பத்துப் படத்தில் இம்மிகூட வித்தியாசம் இல்லை, அதோடு நிறுத்திக்கொண்டாள். படம் உறைந்திருக்கிறது, ஒலி இல்லை, ஏழு நொடி, தரம் ஒன்று என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் எடிட்டர் போன் செய்தார். அவருக்கு அங்கே கத்தரி என்று பெயர். எதைக் கொடுத்தாலும் யோசிக்காமல் வெட்டுகிற நல்ல மனிதர்.

"அக்கா, அந்த ஏழு நொடியைத் தூக்கிடறேன். முன்னாடி பின்னாடி ஒட்டினா யாருக்கும் தெரியாது. கடைசி படம் எதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க."

கடைசிப் படத்தைத் தேடித்தான் மறுபடி உட்கார்ந்தாள். நொடிக்கு இருபத்தைந்து, ஏழு நொடிக்கு நூற்று எழுபத்தைந்து. விரலால் ஒரு தட்டு, ஒரு படம். முப்பது, நாற்பது, அறுபது என்று தட்டிக்கொண்டே போனாள். எண்பத்தெட்டாவது படத்தில் அந்தப் பெண்ணின் காதுக்குக் கீழே ஒரு புள்ளி. திரையில் தூசு என்று நினைத்துச் சட்டைக்கையால் துடைத்தாள். போகவில்லை. அடுத்த படத்துக்குத் தட்டினாள். புள்ளி ஒரு நூலளவு இறங்கியது. முந்தைய படத்துக்குப் போனாள், ஏறியது.

வியர்வை.

படத்தைப் பெரிதாக்கினாள். அந்தத் துளி கழுத்து வழியாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. துளியைத் தவிர அந்த உடம்பில் வேறொன்றும் இறங்கவில்லை. விலா ஏறித் தாழவில்லை, மூச்சை எங்கே வைத்திருக்கிறாளோ தெரியவில்லை. கண் இமைக்கவில்லை. உடம்பு மொத்தமும் ஒரு கட்டைவிரல் நுனியில். நூற்று முப்பதாவது படத்துக்கு மேல் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு துடிப்பது தெரிந்தது, அதுவும் தேடினால்தான். பின்வரிசையில் ஒருவனுடைய தொண்டை ஒருமுறை எச்சில் விழுங்கியது. படம் உறையவே இல்லை. இருபத்தோரு பேர் அவ்வளவு நேரமும் உயிரோடு நின்றிருக்கிறார்கள்.

பேனாவை மூடி மேஜையில் போட்டாள். மணி இரண்டு இருபது. அந்த அங்கத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பழுது தேடாமல் பார்த்தாள். அப்போதுதான் கதையே புரிந்தது. துறைமுகத்தில் விளக்குப் பார்க்கிறவனின் மகள். அவள் மனசுக்குப் பிடித்தவன் கடலுக்குப் போனான், வரவில்லை. ஊரே கரையில் கூடியிருக்கிறது. தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிகிறது, வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. அவள் எட்டிப் பார்க்கிறாள். கால் நுனியில் ஏறி, கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறாள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, வாத்தியம் நிற்கிறது. ஏழு நொடி. பிறகு அவள் குதிகால் தரைக்கு வருகிறது. கப்பல் போகிறது.

இவள் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்ன மனுஷி அந்த நடனக்காரி, எத்தனை வருஷம் இதற்காக நின்று பழகியிருப்பாள் என்று மலைப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் தன் கையெழுத்தால் அதை வெட்டச் சொன்னோமே என்று பதறினாள். கத்தரிக்குப் போன் போட்டு, கை வைக்காதே, அரை மணி நேரம் பொறு என்றாள்.

பொறுப்பாளர் ஓய்வுக்குத் தயாராகி மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பதிவுக்காக அல்ல, அவளுக்காக. முதல் தரத்தைத் திரும்பப் பெற்றால் அந்தப் படிவம் கோப்பில் மேலாக உட்காரும், நாளைக்குப் பிரிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான் என்றார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கும்மா வம்பு? ரெண்டு மணி நேரத்துல ஏழு நொடி. கத்தரி வெட்டினா வெட்டிட்டுப் போறான். ஞாயித்துக்கிழமை பார்க்கறவங்க யாரும் வந்து கேக்கப் போறதில்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த அறையில் அவரை அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

"நீங்க ஏழு நொடி நில்லுங்க சார்."

"என்னது?"

"ஒத்தக் காலுல. நுனியில. மேஜையைப் பிடிக்காம."

அவர் அவளைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு, பாவம், மனிதர் நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு காலைத் தூக்கினார். இன்னொரு குதிகாலை உயர்த்துவதற்குள் அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேலிருந்த கோப்பு இரண்டு அவர் தோளில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் தன் அறையில் அவளே முயன்று பார்த்து, ஹெட்போன் வயரோடு நாற்காலியில் விழுந்திருந்தாள். அவர் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார். அந்த இடத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றார்.

அவள் அறையில் நின்றபடியே பார்த்தார். துளி இறங்குகிற இடத்தில் அவளுக்கு முன்னால் குனிந்து திரைக்குக் கிட்டே போனார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். கருவிக் கோளாறு, இணைப்புக் கோளாறு, சரிபார்ப்பவர் கவனக்குறைவு. முதல் கட்டத்தில் போட்டுவிடலாமே என்று அவர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். கருவிமேல் பழி போட்டால் கருவியா வந்து மறுக்கப் போகிறது? அவள் மூன்றாவது கட்டத்தில் அழுத்திக் கோடு போட்டாள். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதிவு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை நாற்காலி எதிர் அறைக்காரருக்குப் போனது. இவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பேருந்தில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கணவரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பூராவும் கேட்டுக்கொண்டார், ஆனால் அவருக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. ஏழு நொடி ஒருத்தி அசையாமல் நின்றதற்காகவா இத்தனை வருஷப் பேரை விட்டாய் என்பதுபோலப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். டிக்கெட் வாங்கி அவள் படம் பார்ப்பது அவருக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. முதல் பாதியில் அவர் இரண்டு முறை கொட்டாவி விட்டார், யார் யாருக்கு என்ன உறவு என்று நாலு முறை கேட்டார். அவள் கதையைச் சொன்னாள். சொல்லத் தெரிந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு மணி பன்னிரண்டாவது நிமிஷம் வந்தது. விளக்குப் பார்க்கிறவனின் மகள் கால் நுனியில் ஏறினாள். இசை நின்றது. எங்கோ ஒருவர் இருமத் தொடங்கி, பாதியில் அடக்கிக்கொண்டார். முந்நூறு பேர் இருந்த அரங்கில் ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை. அவ்வளவு பெரிய திரையில் அவள் அப்படி நிற்கிறாள், துளி கழுத்தில் இறங்குகிறது, கப்பல் வருகிறதா போகிறதா தெரியவில்லை. எல்லாம் தெரிந்திருந்தும், வந்துவிடாதா என்று பூதக்கண்ணாடிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

குதிகால் தரைக்கு வந்தது. அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கணவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் பக்கம் சாய்ந்தார்.

"இதையா வெட்டச் சொன்ன?"

"ஆமா" என்றாள்.